அண்ணி மெஷின் வாங்கப் போன கதை

பழைய சாமான் வாங்கப் போகிறவர்கள் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று என் அண்ணிக்கு ஒரு வாரமாகப் பாடம் நடத்தினேன். அத்தனையும் வீண்.

நான் ஒரு மாணவர் விடுதிக்குக் காய்கறி வாங்கிப் போடுகிறவள். விடிந்தால் மார்க்கெட்டில் நாலு பேரோடு மல்லுக்கட்டாமல் எனக்குப் பொழுது போகாது. என் தலை தெரிந்தாலே சில வியாபாரிகள் வராத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். அதனால் எங்கள் வீட்டில் எதை வாங்குவதாக இருந்தாலும் பேரம் பேசுவது என் பொறுப்பு.

அண்ணி வேறு ரகம். கண்ணாடிக் கடையில் வேலை. பிரேமுக்குள் கண்ணாடியை உட்கார வைத்து, காதுப் பக்கத்தை வளைத்து, மூக்கின் மேல் கோணாமல் நிற்கும்படி செய்து கொடுப்பார். அந்த வேலை ரத்தத்தில் ஊறிப் போய்விட்டது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத மனிதரின் மூக்குக்கண்ணாடி சாய்ந்திருந்தால், "ஒரு நிமிஷம் குடுங்க" என்று கழற்றி நிமிர்த்திக் கொடுத்துவிடுவார். அடுத்தவர் வீட்டுக்குப் போனால் சுவரில் மாட்டியிருக்கும் படத்தை நேராக்காமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அண்ணன் அவருக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'நேர்க்கோடு'.

அப்படிப்பட்ட நேர்க்கோடு செய்த மரவண்டிகள் எல்லாம் இடதுபக்கமாகவே ஓடின. அதுதான் எங்கள் வீட்டுப் பெரிய வேடிக்கை.

கடைக்கு வந்த பெட்டிகளின் மரப்பலகையைத் தூக்கிப்போட மனமில்லாமல் அண்ணி வீட்டுக்குக் கொண்டு வந்ததில் ஆரம்பித்தது. பலகையை அறுத்தார், இழைத்தார், உப்புத்தாள் போட்டுக் கன்னம் போல வழவழவென்று தேய்த்தார். குழந்தைகள் உருட்டி விளையாடும் குட்டி லாரி, குட்டி பஸ், வாயைத் திறந்த ஒரு முதலை வண்டி. பார்த்தால் எடுத்துக் கொஞ்சத் தோன்றும். தரையில் விட்டால் மட்டும் நாலடி ஓடுவதற்குள் இடதுபக்கம் திரும்பி ஃபிரிஜ்ஜில் முட்டும். சக்கரத்தின் அச்சுக்குத் துளை போடும்போது கை டிரில் துளி சாய்ந்துவிடுகிறது. முன் அச்சு ஒரு பக்கம் பார்க்கும், பின் அச்சு இன்னொரு பக்கம் பார்க்கும். பிறகு வண்டி எங்கே நேராகப் போவது?

பொம்மைக் கடைக்காரர் முதலையை மேசைமேல் ஓட்டிப் பார்த்துவிட்டு வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். "அழகா இருக்கும்மா. ஆனா பிள்ளைங்க நேரா தள்ளினா நேரா போகணும்ல? நேரா போற வண்டியா கொண்டாங்க, முன்பக்கத் தட்டு முழுக்க உங்களுக்கே. லீவு விடறதுக்குள்ள வரணும். இல்லன்னா பிளாஸ்டிக்க அடுக்கிடுவேன்."

அன்று முதல் அண்ணிக்குத் தூக்கம் போயிற்று. மேசையில் தூண் போல நின்று, மேலேயிருந்து செங்குத்தாக இறங்கித் துளை போடும் டிரில்லிங் மெஷின் இருந்தால் பிரச்சினையே இல்லையாம். புதுசு விலை கேட்டால் மயக்கம் வரும். ஒருநாள் சாப்பிடும்போது போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். பழைய மெஷின் விற்பனைக்கு; கூப்பிடு தூரத்தில், நாலு தெரு தள்ளி!

"எங்க வைப்ப?" என்றான் அண்ணன்.

"பால்கனில. துவைக்கிற மெஷின் இருக்கிற இடத்துல."

"அப்ப துவைக்கிற மெஷின்?"

"குளிக்கிற ரூம்ல."

"அப்ப நான் எங்க குளிக்கிறது?"

"நேரா நின்னு குளிங்க, இடம் பத்தும்" என்றார் அண்ணி. அவ்வளவையும் ஏற்கனவே அளந்து வைத்திருந்தார்.

எனக்குப் பேரத்தைப் பற்றிக் கவலையே இல்லை. என் பயம் வேறு. அண்ணி எதையும் விட்டுக்கொடுத்தே பழகியவர். தள்ளுபடிக் கடையில் ஆசை ஆசையாக ஒரு கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற பெண் "நல்லா இருக்கே" என்றாள், அவ்வளவுதான். கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். "எனக்கு வேண்டாம், நீங்க எடுத்துக்கங்க" என்பது அவர் வாயில் மூச்சு மாதிரி தானாக வரும். 'எனக்கு வேணும்' என்று அவர் சொல்லி இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை. இந்த மெஷினைப் பற்றிக்கூட, "இருந்தா நல்லா இருக்கும்" என்றுதான் சொன்னாரே தவிர ஒரு படி மேலே போகவில்லை. அங்கே யாராவது முகம் சுண்டினால் போதும், வெறுங்கையோடு திரும்பி வந்து பால்கனியில் மறுபடியும் இடதுபக்க வண்டி செய்வார். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். அதற்காகவே காவலுக்குப் போனேன்.

"அண்ணி, நீங்க வாயையே திறக்கக் கூடாது. மெஷின் பிடிச்சிருந்தா ஒரு தடவ இருமுங்க. மீதிய நான் பாத்துக்கறேன். முகத்த உம்முன்னு வச்சுக்கங்க."

"இப்படியா?"

"பல்லு தெரியுது அண்ணி."

விற்கிறவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கார் நிறுத்தும் கூடத்தின் மூலையில் மெஷின் நின்றது. அதன் கைப்பிடிகளில் காலுறைகள் காய்ந்துகொண்டிருந்தன. மாஸ்டர் அவற்றை அள்ளி எடுப்பதற்குள் அண்ணி இருமினார். நான் முறைத்தேன். மறுபடியும் இருமினார். இரும்புத் தூணைப் பார்த்து ஒரு இருமல், அதில் ஏறி இறங்கும் மேடையைப் பார்த்து ஒரு இருமல். மூடியைத் திறந்து பெல்ட்டைக் காட்டியபோது தொடர்ந்து வந்த இருமலில் மாஸ்டரின் மனைவி பயந்துபோய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டு வந்துவிட்டார்.

"தூசி ஒத்துக்காது" என்று சமாளித்தேன். அண்ணியின் கண்ணோ பளபளவென்று மின்னி எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

மெஷினில் டிரில் பிட்டைக் கடித்துப் பிடிக்கும் வாய்க்குச் சக் என்று பெயர். அண்ணி கைப்பையிலிருந்து நேரான மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து அதில் மாட்டி, ஓடவிட்டுக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"நுனி வட்டம் போடுது" என்றார் மெல்ல. "சக் ஆடுது. இதுல போட்டாலும் துளை நேரா வராது."

எனக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி இருந்தது. குறை கிடைத்துவிட்டதே! பிடித்துக்கொண்டேன். ஆடுகிற மெஷினை எடைக்குத்தான் போட வேண்டும், தூக்கிப் போகிற வண்டிக் கூலிக்குக்கூட இது காணாது என்று பொரிந்து தள்ளினேன். மாஸ்டர் நல்ல மனிதர், எதிர்த்துப் பேசவே இல்லை.

"ஆடுதுன்னு எனக்குத் தெரியாதுங்க. என் கைதான் கோணல்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்றார்.

அவர் மனைவி சிரித்தார். "இவர் செஞ்ச ஸ்டூல்ல உக்காந்தா தானா வாசலுக்குப் போயிடலாம். சறுக்கிட்டே போகும். வர்றவங்ககிட்டல்லாம் காட்டுவோம்."

மாஸ்டரும் சிரித்தார், ஆனால் அந்தச் சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை. பாதி விலைக்குச் சம்மதித்துவிட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சக் நேராக இல்லாவிட்டால் என்ன, வேறு சக் வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்று மனக்கணக்குப் போட்டபடி பணப்பையைத் திறந்தேன்.

"ஒரு சுத்தியல் இருக்குமாங்க?" என்றார் அண்ணி.

எனக்குப் பகீரென்றது. "அண்ணி, வேண்டாம். வீட்ல போய்ப் பாத்துக்கலாம்."

காதில் விழுந்தால்தானே! கோணலாக எதையாவது பார்த்துவிட்டால் அவருக்குக் கை பரபரக்கும். பிறகு கடவுளே வந்தாலும் நிறுத்த முடியாது. இழுப்பறையைக் குடைந்து ஒரு சப்பையான இரும்பு ஆப்பை எடுத்தார். அது பெயிண்ட் டப்பா திறப்பதற்கு என்றுதான் மாஸ்டர் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாராம். அண்ணி கரண்ட்டை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, மெஷினின் பக்கவாட்டு ஓட்டையில் ஆப்பைச் செருகி, பதமாக ஒரு தட்டுத் தட்டினார். மடித்து வைத்திருந்த துணியில் சக் பொத்தென்று விழுந்தது. கண்ணாடிக் கடையின் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, அது உட்காரும் இடத்தை உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இங்க பாருங்க!" என்று கத்தினார். இருமலாவது உம்மணாமூஞ்சியாவது, எல்லாம் பறந்துவிட்டது.

காய்ந்துபோன கிரீஸுக்குள் கடுகளவு இரும்புத் துணுக்கு ஒட்டியிருந்தது. சக்கைச் சரியாக உட்காரவிடாமல் இத்தனை நாளும் தள்ளிக்கொண்டிருந்தது அதுதான். அண்ணி அதைச் சுரண்டி எடுத்தார். துணியால் துடைத்து, சக்கை ஏற்றி, மரக்கட்டையால் தட்டி உட்கார வைத்து, கம்பியை மாட்டி ஓட விட்டார். கம்பி சுற்றுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை.

"நேரா நிக்குது! பாத்தியா? நேரா நிக்குது!"

எனக்கும் சந்தோஷம் பொங்கியதை ஏன் மறைக்க வேண்டும்? கைதட்டினேன். தட்டிய பிறகுதான் என் பேரத்தின் அடிமடியிலேயே அண்ணி கை வைத்துவிட்டார் என்று உறைத்தது.

மாஸ்டர் ஒரு பலகைத் துண்டை மேடையில் வைத்தார். கைப்பிடியைப் பிடித்து இறக்கித் துளை போட்டார். அதில் ஒரு மரக்குச்சியைச் செருகி, குனிந்து இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். குச்சி கொடிக்கம்பம் போல நின்றது. இன்னொரு துளை. அதுவும் அப்படியே. மூன்றாவது துளை போடும்போது அவர் உதடு துடித்ததை நான் பார்த்தேன். அவர் மனைவியின் சிரிப்பு எப்போதோ நின்றுபோயிருந்தது.

"என் கை கோணல் இல்ல" என்றார் மாஸ்டர், யாரிடம் என்றில்லாமல்.

அவர் மனைவி கிட்டே வந்து தணிந்த குரலில் சொன்னார்: "அப்ப நாமளே வச்சுக்கலாங்க. நான் இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மாஸ்டர் அண்ணியைப் பார்த்தார். "விலை பேசி முடிச்சாச்சு. சொன்ன சொல்லு சொல்லுதான், எடுத்துக்கங்க. ஆனா... நீங்களே சொல்லுங்கம்மா. உங்க இஷ்டம்." எடுத்துக்கங்க என்று வாய் சொல்லியதே தவிர, கை கைப்பிடியை விடவில்லை.

முடிந்தது கதை என்று நினைத்தேன். நல்ல மனிதர், கண்கலங்கி நிற்கிறார், பக்கத்தில் மனைவி வேறு. கைப்பையையே கழற்றிக் கொடுத்தவர் இதையா கொடுக்க மாட்டார்? அண்ணியின் வாய் திறந்தது. 'பரவாயில்ல' என்ற சொல்லுக்கு உதடு குவிந்ததுகூட எனக்குத் தெரிந்தது. குறுக்கே விழுந்து ஏதாவது சொல்ல நினைத்தேன். பேசியே பிழைக்கிற எனக்கு அன்றைக்கென்று நாக்கு எழவில்லை.

அண்ணி கீழே பார்த்தார். பிறகு கையை நீட்டி, மெஷினின் இன்னொரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு வேணுங்க" என்றார்.

குரல் பிசிறியது. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு முறை சொன்னார், இந்த முறை கூடமே அதிர்ந்தது. "இந்த மெஷின் எனக்கு வேணும்!"

மாஸ்டரின் கை மெதுவாக விலகியது.

"ஆனா பாதி விலைக்கு வேண்டாம்" என்றார் அண்ணி. "ஆட்டம் இருக்குன்னுதானே குறைச்சீங்க? இப்பத்தான் ஆட்டமே இல்லையே. நீங்க மொதல்ல சொன்ன விலையே தரேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன், வலித்தது.

"அப்புறம், உங்க கை தங்கமான கை. மூணு துளையும் பாத்தேன். அந்தப் பணத்துல வேற மெஷின் பாருங்க. பாக்கப் போறப்ப ஒரு போன் பண்ணுங்க, நான் வந்து கழட்டிப் பாத்துச் சொல்றேன். பேரம் பேச இவ வருவா."

"நானா?" என்றேன்.

"இவங்க வந்தா கண்டிப்பா வாங்கிடலாம்" என்று மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். இந்த முறை கண்ணும் சேர்ந்து சிரித்தது. அவரே ஓடிப்போய் ஒரு சின்னச் சரக்கு வண்டியைப் பிடித்து வந்து, ஒரு பக்கம் தோள் கொடுத்து ஏற்றியும் விட்டார்.

டிரைவருக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் அண்ணி வரவில்லை. பின்னால் ஏறி, தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். திட்டிக்கொண்டே நானும் ஏறினேன். தெருமுனையில் திரும்பி அண்ணியைப் பார்த்தால், கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"நான் கேட்டேன்ல?" என்றார்.

"கேட்டீங்க அண்ணி."

"சத்தமாவா கேட்டேன்?"

"தெருவே கேட்டுச்சு அண்ணி" என்று சொல்லி, அவர் விழுந்துவிடாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.