மசாஜ் நாற்காலியும் பக்கத்து நிரைக்காரியும்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறாவது என் நாத்தனார் பெற்றுவிட்டுக் கண்ணை மூடிய பிள்ளை. யார் கேட்டாலும் அவனையும் சேர்த்துத்தான் சொல்வேன். ஆறும் நல்ல நிலைமையில் இருக்கின்றன. ஒன்றுகூட ஈப்போவில் இல்லை.

அத்தனை பேரையும் சுங்காய் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவித்தான் ஆளாக்கினேன். என் வீட்டுக்காரர் அங்கேயே மண்டோராகி ஆட்களை மேய்த்தவர். ரோட்டோரம் யாருக்கும் வேண்டாமல் கிடந்த டுரியான் காடு ஒன்றை அந்தக் காலத்தில் அவர் வாங்கிப் போட்டார். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், உள்ளதைச் சொல்ல வேண்டும். அவர் போன பிறகு அந்த இடத்தில் வீடு கட்ட ஒருவன் வந்து நின்றான். சிரித்தவர்கள் வாயை மூடினார்கள். அதை விற்ற காசில் நான் ஈப்போவில் ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில், மூலை வீடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூலை வீடு என்றால் பக்கவாட்டில் நிலம் உண்டு, காற்று உண்டு, மற்ற வீடுகளைவிட மரியாதையும் உண்டு. பேச்சுத் துணைதான் இல்லை. நாள் முழுவதும் வீட்டில் என்னோடு பேசியது ரைஸ் குக்கர் ஒன்றுதான். அதுவும் சோறு வெந்தால் ‘டக்’ என்று ஒரு வார்த்தை.

காலையில் எங்கள் தாமான் பெண்கள் நான்கு பேர் என் கேட்டைத் தாண்டி நடைப்பயிற்சிக்குப் போவார்கள். டீச்சர் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர். மகன் லாயராக இருக்கிற அம்மா ஒருவர். வீட்டிலேயே சேலை விற்கிற அம்மா ஒருவர். நான்காமவர் மற்ற மூவரும் எதைச் சொன்னாலும் “ஆமா லா” என்பார். என்னைப் பார்த்தால் நால்வரும் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். நானும் ஆட்டுவேன். இப்படி ஒரு வருடம் தலையாட்டியே போயிற்று.

ஒருநாள் பேரங்காடியில் மசாஜ் நாற்காலியைப் பார்த்தேன். கால் வலித்ததால் உட்கார்ந்தேன். அது முதுகைப் பிடித்து, தோளைப் பிடித்து, கடைசியில் பாதத்தையும் பிடித்தது. என் பாதத்தை யாரும் தொட்டே பல வருடம். அங்கேயே வாங்கிவிட்டேன். விலையைச் சொல்லமாட்டேன், பிள்ளைகளிடமும் இன்றுவரை சொல்லவில்லை.

லாரியிலிருந்து இரண்டு ஆட்கள் அதை இறக்கியபோது நால்வரும் நடையை நிறுத்தினார்கள். அது என்ன அக்கா என்று கேட்டார்கள். உள்ளே வாங்க என்றேன். மறுநாளிலிருந்து நடைப்பயிற்சி என் வீட்டு வாசலோடு முடிந்தது.

ஒருவர் நாற்காலியில், மூவர் சோபாவில். நான் தேத்தண்ணி ஆற்றி, வடை சுட்டு வைத்துவிட்டுத் தோட்டத்துக் கதை சொல்வேன். நாற்காலியில் இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு “ம்ம்ம்” என்பார். என் கதைக்குத்தான் அந்த ‘ம்ம்ம்’ என்று நினைத்து இன்னும் கொஞ்சம் நீட்டுவேன். சோபாவில் இருப்பவர்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அடுத்த முறை யாருடையது என்று. அதெல்லாம் எனக்கு அப்போது தெரியவில்லை. வீடு நிறைந்திருந்தது, அது போதுமாயிருந்தது.

அப்போதுதான் வலது கண்ணில் புரை விழுந்திருப்பதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். புதன்கிழமை வெட்டி எடுத்துவிட்டு அன்றைக்கே அனுப்பிவிடுவார்களாம். ஆனால் கூட ஓர் ஆள் வர வேண்டும். அந்த ஆள் கையெழுத்துப் போட்டு, கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போய், ஒரு வாரம் கண்ணுக்கு மருந்து விட வேண்டும். ஆள் இல்லாமல் வந்தால் செய்யமாட்டார்கள்.

ஜொகூரில் இருக்கிற மூத்த மகள் லீவு போட்டு வருவதாகச் சொன்னாள். அங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. “நீ ஒண்ணும் வர வேணாம். இங்க எனக்கு நாலு பேரு இருக்காங்க. நான் நீன்னு போட்டி போடுவாங்க” என்று சொல்லிவிட்டேன். மகளுக்குக் குரலே மாறிவிட்டது. அம்மாவுக்கு நல்ல சிநேகிதம் அமைந்துவிட்டது என்று தம்பி தங்கைகள் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள். இனிமேல் நான் எப்படி வாபஸ் வாங்குவது?

மறுநாள் நால்வரிடமும் விஷயத்தைச் சொன்னேன். டீச்சரம்மாவுக்குப் புதன்கிழமை விரதம். லாயர் வீட்டம்மாவுக்கு ஆஸ்பத்திரி வாடை ஒத்துக்கொள்ளாது. சேலைக்காரம்மாவுக்குச் சரக்கு வருகிறது. ஆமா லா அம்மா மூன்றுக்கும் ஆமா லா சொன்னார். எனக்கு அதுகூட வருத்தமில்லை. பிறகு டீச்சரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதுதான்.

“நீங்க எதையும் யோசிக்காம போய்ட்டு வாங்கக்கா. வீட்டுச் சாவிய மட்டும் எங்ககிட்ட குடுத்துட்டுப் போங்க. நாங்க நாலு பேரும் வந்து பாத்துக்கிறோம்.”

நால்வரும். புதன்கிழமை. விரதக்காரரும் சரக்குக்காரரும் சேர்த்து.

வடைத் தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போனேன். அன்றைக்கு இரண்டாவது ஈடு நான் சுடவில்லை.

வேறு யார் இருக்கிறார்கள் என்று யோசித்தால் ஈப்போவில் எனக்குத் தெரிந்த மனுஷி ஒருத்திதான். தோட்டத்தில் எனக்குப் பக்கத்து நிரைக்காரி. நிரை என்றால் ஒருவருக்கென்று விட்ட மர வரிசை. என் நிரையும் அவள் நிரையும் ஒட்டியே இருந்தன, பதினெட்டு வருடம். இப்போது மார்க்கெட்டுக்குப் பின்னால் அடுக்குமாடியில் இருக்கிறாள். அங்கே தவுகே, அதாவது முளைப்பயறு, விற்கிற கடையில் அவளை அடிக்கடி பார்ப்பேன். பார்த்ததும் இரண்டு பேருக்கும் தவுகேயில் ஏதோ அதிசயம் தெரியும், குனிந்துகொள்வோம். எங்களுக்குள் பேச்சு வார்த்தை நின்று முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. காரணம் பிறகு வரும்.

ஒரு கூடை ஆரஞ்சு, ஒரு டின் பிஸ்கட், ஒரு பட்டுச்சேலை எடுத்துக்கொண்டு நான்கு மாடி ஏறினேன். லிப்ட் ரோசாக், ஓடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு கம்பிக்கதவுக்கு வெளியே நின்று, புதன்கிழமை காலை எட்டு மணி, பெரிய ஆஸ்பத்திரி, கண் பிரிவு என்று எல்லாவற்றையும் சொன்னேன். சும்மா வரவேண்டாம், ஒரு வாரத்துக்கு நாள் கூலி போட்டுத் தருகிறேன், அதுவும் இரட்டிப்பாக என்றேன். பெருந்தன்மையாகச் சொன்னதாகத்தான் எனக்கு நினைப்பு.

அவள் கதவைத் திறக்கவில்லை. கம்பி வழியாகவே என்னையும் கூடையையும் பார்த்தாள்.

“பதினெட்டு வருசம் ஓடி ஓடி ஒன் நிரையில மங்கு எடுத்தேனே, அதுக்கு எந்த மண்டோரு எனக்குக் கூலி போட்டான்?” என்றாள். “போ புள்ள. ஆரஞ்ச படிக்கட்டுல சிந்தாம எடுத்துட்டுப் போ.”

மங்கு என்பது பால் வடிகிற கிண்ணம். தோட்டத்தில் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மழை இருட்டினால் முதலில் வேலை முடிந்தவள் பக்கத்து நிரைக்கு ஓடிப்போய் மங்கிலிருக்கும் பாலை வாளியில் ஊற்றிக் கொடுக்க வேண்டும். மழைத்தண்ணீர் விழுந்தால் பால் வீண், அன்றையச் சம்பளமும் வீண். இதற்குக் கூலியும் கிடையாது, நன்றி சொல்கிற பழக்கமும் கிடையாது. சொன்னால் அசிங்கம். அதற்குப் போய் நான் இரட்டிப்புக் கூலி பேசியிருக்கிறேன். ஆரஞ்சு இரண்டு உருண்டு மூன்றாம் மாடி வரை போயிற்று. எடுக்கவில்லை.

புதன்கிழமை காலை மழை. டாக்சி ஓட்டி வந்தவர் வயதான சீனர். தோட்டத்துச் சில்லறைக் கடையில் வளர்ந்தவராம், தமிழ் நன்றாகப் பேசினார். வழியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. கூடக் கொஞ்சம் கொடுக்கிறேன், ஆஸ்பத்திரியில் என் தம்பி என்று சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“தம்பி சொன்னா நம்பமாட்டாங்க லா. எனக்கு எழுபத்தெட்டு. அண்ணன்னு சொல்லுங்க.”

அவருக்கு அது ஒன்றுதான் இடித்தது.

தாதிப் பெண் கையெழுத்துப் போடுகிற பாரத்தை நீட்டி, இவர் யார் என்று கேட்டாள். அண்ணன் என்றேன். அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒரே வயிறா பாட்டி என்றாள். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு ஆமாம் என்றேன். அண்ணன் பேனாவைக் கையில் எடுத்துவிட்டு, எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டார். மதியம் என்றாள். அண்ணனுக்குப் பன்னிரண்டரைக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கூடக் கொடுத்ததையும் என் கையில் திருப்பி வைத்துவிட்டு, “ஸோரி லா தங்கச்சி” என்று சொல்லிப் போய்விட்டார்.

ஆள் இல்லையென்றால் வேறு நாள் தருகிறோம் என்றாள் தாதி. மகளுக்கு என்ன சொல்வது, நாலு பேருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் என்றா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு கறுப்புக் குடை என் இடுப்பில் குத்தியது.

“எங்க கைநாட்டு வைக்கணும்?” என்றாள் பக்கத்து நிரைக்காரி. ஏழு மணிக்கே வந்து தூணுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நான் பேசிய சத்தத்தில் என் அண்ணன் கதை முழுவதும் அவள் காதில் விழுந்திருக்கிறது. அதை இப்போதும் அடுக்குமாடியில் எல்லோருக்கும் நடித்துக் காட்டுகிறாளாம்.

ஒரு வாரம் என் வீட்டில் தங்கி மருந்து விட்டாள். முதல் நாளே நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்து, அது பிடிக்க ஆரம்பித்ததும் எழுந்துவிட்டாள். “என்னைய என்ன ரொட்டி சானாய் மாவுன்னு நெனச்சிச்சா?” என்றாள். பிறகு அதன் மேல் துணி காயப் போட்டாள். வியாழக்கிழமை நால்வரும் வந்து, நாற்காலியில் விரித்திருந்த பாவாடையைப் பார்த்து, நலம் விசாரித்துவிட்டு நடைப்பயிற்சிக்குப் போனார்கள். பாவம், அவர்களுக்கும் நடப்பது உடம்புக்கு நல்லது.

ஏழாம் நாள் அவள் பையை எடுத்தபோது என்ன வேண்டும் என்று கேட்டேன். இந்தத் தடவை கவனமாகத்தான் கேட்டேன். கூலியும் வேண்டாம், சேலையும் வேண்டாம் என்றாள்.

“நீதான் மூணாப்பு படிச்சவளாச்சே. எல்லாத்தையும் எழுது. எழுதுனா மழையையும் எழுதணும்.”

எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்கு மண்டோர் வேலை கிடைத்த வாரம். எனக்கு வேலை முடிந்துவிட்டது. மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவள் நிரையில் பாதி மங்கு எடுக்காமல் கிடந்தது. நான் புதுக் குடையைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்றேன். மண்டோர் பெண்சாதி ஓடினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று நின்றேன். அவள் ஒற்றை ஆளாக ஓடி ஓடி எடுத்தாள், வழுக்கி விழுந்தாள், வாளி கவிழ்ந்தது. அப்போதும் நின்றேன். அவ்வளவுதான். நான் நின்ற இடத்திலிருந்து பத்து எட்டு இருக்கும் என்பது என் கணக்கு. நாலே எட்டு என்கிறாள். நாலு என்றே வைத்துக்கொள்ளலாம்.

இந்த நோட்டுப் புத்தகத்தை லீவுக்கு வந்திருக்கிற பேத்தியிடம் இப்போது கொடுக்கப் போகிறேன். புள்ளி விட்டுப்போன இடத்தில் புள்ளி வைத்துக்கொள். முதலிலிருந்து நிறுத்தி நிறுத்திப் படி, கண்ணு. பக்கத்து நிரைக்காரி இன்றைக்கும் வந்து எதிரே காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். மழை வருகிற இடத்தைக் கொஞ்சம் சத்தமாகப் படி. இவளுக்குக் காது மந்தம்.