கடல் விட்ட நிலம்

யான் என்ற ஊருக்குத் தெற்கே இருந்த அந்தக் கடலோரக் கிராமத்துக்கு ஒரு பக்கம் ஜெராய் மலை, மறுபக்கம் சேறு. அதைக் கடல் என்று சொன்னால் கடலே கோபித்துக்கொள்ளும். அலையும் கிடையாது, மணலும் கிடையாது. பழங்காலத்தில் கப்பல்காரர்கள் அந்த மலையைப் பார்த்துத்தான் கரை சேர்ந்தார்களாம். ஊரைக் காக்க ஒரு மண்கரை எழுப்பியிருந்தார்கள். கரைக்கு உள்ளே வயல், வெளியே வெறும் நிலம்.

நாங்கள் அங்கே ஒளிந்துகொள்ளப் போனோம். சிடாம் கிரி பக்கம் நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தில் ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். அப்பா, அம்மா, தம்பி, நான் நால்வருக்கும் ஒரு மலாய்க்காரக் கிழவர் தன் நெல் கொட்டகையில் இடம் கொடுத்தார். அவர் நெல்லை ஜப்பான்காரன் முன்பே அள்ளிப் போயிருந்தான். சாப்பாட்டுக்கு வழி நாங்களே தேட வேண்டும்.

அப்பாவுக்குத் தோட்டத்து மண்தான் தெரியும். கரைக்கு வெளியே கொத்திப் பார்த்தார், கிளிஞ்சலாக வந்தது.

"சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணு, கெழங்கு தொடை தண்டி வரும்லா!" என்று குதித்தார்.

கிழவர் கையை ஆட்டி மறுத்தார். "இனி டூலு லாவுட்." முன்பு இது கடல் என்றார்.

"நெலத்த உட மனசில்ல இவருக்கு" என்று அம்மாவிடம் முணுமுணுத்துவிட்டு அப்பா மரவள்ளி நட்டார். அப்பாமேல் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை. அந்தப் பஞ்சத்திலும் அந்த நிலம் ஏன் சும்மா கிடக்கிறது என்று கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

மழைக்காலம் முழுக்கச் செடிகள் தளதளவென்று நின்றன. பிறகு ஒரு பௌர்ணமியில் காற்றோடு கடல் ஏறியது. எந்த அவசரமும் இல்லாமல் வந்து செடிகளுக்கு நடுவே நின்றது. தோண்டிய கிழங்கெல்லாம் அழுகி நாறியது. பட்டினியில் தம்பிக்குக் கால் வீங்கிவிட்டது.

"தோட்டத்துல பேர் இருக்கிறவனுக்கு அரிசி போடறானாம், வாங்கிட்டு வந்துடறேன்" என்றார் அப்பா.

"போவாதீங்க, புடிச்சிக்குவான்" என்று அம்மா அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

"புள்ளைங்க சாவுறப்போ சயாமாவது கியாமாவது."

அரிசிக்காக வரிசையில் நின்றவர்களை அப்படியே லாரியில் ஏற்றிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. தம்பி அந்த மாதமே போய்விட்டான்.

சண்டை முடிந்து சயாமிலிருந்து சிலர் திரும்பினார்கள், அப்பா வரவில்லை. தோட்டத்துக்கே போய்விடலாம் என்று அம்மாவை எவ்வளவோ கெஞ்சினேன்.

"நம்மள அவரு உட்டுட்டுப் போன எடம் இது. மாறிட்டா எங்கன்னு வந்து தேடுவாரு?" என்றாள்.

கடைசிவரை அங்கேயே காத்திருந்த அம்மாவை அந்த மண்கரைக்குப் பக்கத்திலேயே புதைத்தேன்.