வாடாமல்லிக் கோடு விழுந்த கேக்

சர்ச்சில் நடக்கும் அறுப்பின் பண்டிகையில் கேக் போட்டியையும் காய்கறிப் போட்டியையும் நிறுத்தியது எங்கள் சபைச் செயலாளர்தான். வேறு யாரும் இல்லை. கடையில் வாங்கி வந்து வீட்டில் சுட்டதாக ஏமாற்றுகிறார்களாம். பலகையில் எழுதி ஒட்டியிருக்கிறார். படித்துவிட்டு ஆத்திரத்தோடு வீடு திரும்பினால், பக்கத்து வீட்டு ஜன்னலில் வெண்ணிலா வாசனை. அந்த வீட்டு மருமகள் கிரேஸ் புது ஓவனில் போட்டிக்குப் பழகுகிறாள். போட்டி நின்றது அவளுக்கு இன்னும் தெரியாது.

எனக்குக் கேக் என்றால் சுடுமணல் வாசனைதான். சின்ன வயதில், முள்ளிப்பட்டில் எங்களுக்கு ஏது ஓவன்? அம்மா குண்டானில் மணலைக் கொட்டி, நடுவே தட்டை இறக்கி, மூடிமேல் கரி நெருப்பைப் பரப்புவாள். பட்டுத் தறிக்கும் அடுப்புக்குமாக ஓடுவாள். ஓரம் கருகும். அதைச் சுரண்டித் தின்று வளர்ந்த உடம்பு இது.

சபையில் நடந்த முதல் போட்டிக்கு, கத்தி வைத்தால் உதிரும் என்று பட்டு நூலால் அறுத்தாள். தறிக்காரி புத்தி. அவசரத்தில் கையில் கிடைத்தது, சாயம் போகச் சரியாக அலசாத வாடாமல்லி நிற நூல். கேக்கோ சூடு. துண்டுக்குத் துண்டு ரோஸ் கோடு.

நடுவராக வந்த டீச்சரம்மா ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்தார். "இன்னாம்மா இது கோடு?"

"பட்டு நூல்ல அறுத்தேங்க. சாயம் எறங்கிகிச்சி."

"கேக்குக்கும் பார்டர் போட்டுகினு வந்துட்டாங்கபா" என்றார் பின்னால் நின்றவர். எல்லாரும் சிரித்தார்கள். அது எங்கள் கேக்கே இல்லை என்று நான் பக்கத்துப் பையனிடம் சொல்லிவிட்டேன். அவ்வளவு வீரம்.

டீச்சரம்மா சிரிக்கவில்லை. கோட்டை ஒதுக்கிவிட்டு நடுப்பகுதியைத் தின்றார். "கடைல வாங்குனா இந்தக் கோடு வருமா? இது இவங்க கையால சுட்டது." மூன்றாம் பரிசு, ஒரு எவர்சில்வர் டப்பா.

அடுத்த வருஷம் அவரே ஒரு விதி போட்டார். சுட்டவர்தான் நடுவர் எதிரில், சாயம் போடாத நூலால் அறுக்க வேண்டும். கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். கடைக் கேக்கோடு வந்தவர்கள் அங்கேயே திணறினார்கள்.

மணல் குண்டான் போயிற்று. டீச்சரம்மா மாற்றலாகிப் போனார். அவரோடு அந்த விதியும் போயிற்று. போட்டிக்கு வரும் ஆள் மட்டும் குறையவில்லை. நேற்றுகூடப் படவேட்டிலிருந்து தாசையா அண்ணன் போன் செய்தார். "பூசணிய கொடியிலயே உட்டு வெச்சிகினு கீறேன். பறிக்கட்டா, வேணாமா?"

"ரெண்டு நாள் பொறுண்ணா" என்றேன்.

செயலாளர் ஐயா, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மைக்கைப் பிடியுங்கள். டீச்சரம்மா விதியோடு போட்டி உண்டா, இல்லையா? முதல் பஸ் பிடித்து அண்ணனும் வருவார். சபை முன்னால், அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.