மூக்கில் ஈயம் தெரியும் தோட்டா

பூனாவை ஒட்டிய கட்கியில் தோட்டாத் தொழிற்சாலைத் தொழிலாளியின் இளைய மகள் ரீனா வென்றவை இவை: வலக்கண் பார்வை சிறுவயதிலேயே மங்கியும், இடத்தோளில் ரைபிளை வைத்துச் சுடப் பழகி, மாநிலப் போட்டியில் வெள்ளி. "பொண்ணுக்கு எதுக்குத் துப்பாக்கி?" என்று சிரித்த அதே அலுவலகத்திலிருந்து உரிமம். பயிரை அழிக்கும் விலங்குகளைச் சுட வனத்துறை அனுமதிக்கும் குழுவில் ஓர் இடம், உதவியாளாகத்தான் என்றாலும். எட்டாம் வகுப்போடு நின்ற அக்கா ஸ்டெல்லா இதையெல்லாம் வரிசை தவறாமல் சொல்வாள். யாராவது ஒன்றை விட்டுவிட்டால் நிறுத்தித் திருத்துவாள்.

அந்த ஜனவரியில் குழு விதர்பாவின் வயல்களுக்குப் புறப்பட்டபோது ஸ்டெல்லாவும் கூடப் போனாள். ஆண்கள் கூட்டத்தோடு ரீனாவைத் தனியே அனுப்ப அம்மாவுக்கு மனசில்லை. குழுத் தலைவர் ஜெகதீசன், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற கட்கித் தமிழர். அனுமதித் தாளில் இருவர் பெயரும் இருந்தன. சுடுவது ரீனா, கையெழுத்துப் போடுவது அவர் என்பது ஏற்பாடு.

ஊருக்குள் நுழையும் முன்பே வாய்க்காலோரம் ஒரு நீல்காய் செத்துக் கிடந்தது. குதிரை உயரம் வரும் மான் அது. முன்பு வந்த யாரோ பறவை சுடும் ரவைத் தோட்டாவால் தாடையில் சுட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மேய முடியாமல் பட்டினி கிடந்தே செத்திருந்தது. 'காய்' என்றால் பசு; பசுவின் பேர் கொண்டது என்று ஊர்க்காரர்கள் அதைத் தொடவும் தயங்கினார்கள். ரீனா இறங்கிப் பார்த்துவிட்டு வந்து ஜீப்பில் உட்கார்ந்தாள். ஸ்டெல்லா தண்ணீர் கொடுத்தாள். வாங்கியவள் குடிக்காமல் பாட்டிலைப் பிடித்தபடியே இருந்தாள்.

மறுநாள் விடியலில், கொண்டைக்கடலை வயலோரம், ஜெகதீசன் தோட்டாப் பெட்டியை நீட்டினார். ரீனா ஒன்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"இது முழுக்கச் செம்பு உறை போட்டது, அங்கிள். மூக்குல ஈயம் தெரியுறது வேணும்னு சொன்னேனே."

"கடையில இல்லம்மா. பட்டாளத்துல இதாலதானே ஆளையே சாய்க்கிறோம்?"

ஸ்டெல்லாவுக்கும் அதுதான் சரியென்று பட்டது. அப்பா ஆயுள் முழுக்கச் செய்தது உறை போட்ட தோட்டாதான். அந்த வீட்டில் அதைவிட உசத்தியான தோட்டா கிடையாது.

"அப்பா செஞ்சது மாதிரியே பளபளன்னு இருக்கேடி. பத்தாதா?"

"காகிதத்துல ஓட்டை போடப் பத்தும்க்கா. அங்க நிக்கிறது இருநூறு கிலோ. என் .315 ரைபிள் போதும், கிட்டப் போனா தாராளம். ஆனா இந்தக் குண்டு உள்ள விரியாது. ஊசி மாதிரி இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்துடும். அது ஓடிப்போய் எங்கயோ நாள்கணக்கா சாகும். ஈய மூக்குன்னா உள்ள போனதும் விரியும்."

"அடேயப்பா, டாக்டரம்மா!" ஜெகதீசன் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "இன்னிக்குச் சுடலைன்னா இனிமே உன்னைக் கூப்பிட மாட்டாங்க. தெரியுமில்ல?"

"தெரியும்."

குழுவில் அந்த இடத்துக்காகத் தங்கை எத்தனை வாசல் ஏறி இறங்கினாள் என்று ஸ்டெல்லாவுக்குத் தெரியும்.

நிலத்துக்காரர் மராத்தியில் கத்தினார்: "வேடிக்கை பார்க்கவா பூனாவிலேர்ந்து வந்தீங்க? ஒரு போட்டோவும் எடுத்துக்கோங்க!"

நீல்காய்க் கூட்டம் வயலை மேய்ந்துவிட்டு நிதானமாகப் போனது. ரீனா ரைபிளை உறைக்குள் வைத்தாள்.

"அப்ப நீ கேக்குற தோட்டாவை நீயே வாங்கிட்டு வந்து, நீயே பொறுப்பேத்துக்கோ," என்றார் ஜெகதீசன். "நான் கையெழுத்துப் போட மாட்டேன். அடிபட்டு ஓடினா உன் பேருதான் கெடும்."

"சரி, அங்கிள்."

அக்காவும் தங்கையும் பஸ் ஏறி நாக்பூர் போனார்கள். இரண்டாவது கடையில் ஈய மூக்குத் தோட்டா கிடைத்தது. கடை மேசையிலேயே ஸ்டெல்லா ஒவ்வொரு தோட்டாவாக எடுத்து மூக்கைப் பார்த்தாள். கடைக்காரர் அலுத்துக்கொண்டார். அவள் கடைசித் தோட்டா வரை பார்த்துவிட்டுத்தான் பெட்டியை மூடவிட்டாள்.

அடுத்த விடியலில் பெரிய நீல்காய்க் கடா ஒன்று பக்கவாட்டில் திரும்பி நின்றது. ரீனா வரப்போடு தவழ்ந்து கிட்டப் போனாள். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே ஒரே வெடி. கால்கள் மடிந்து அங்கேயே விழுந்தது. அவள் அருகே போய், அதன் மூச்சு அடங்கும்வரை நின்றாள்.

"சபாஷ்" என்று யாரோ சொன்னார்கள். அவள் திரும்பவில்லை. நிலத்துக்காரர் கும்பிட்டார், அவளையா விலங்கையா என்று ஸ்டெல்லாவுக்குத் தெரியவில்லை. பெருமைப்பட வேண்டிய நேரம் என்று தெரிந்தும் அவளுக்குள் எதுவும் அசையவில்லை.

வனக்காவலர் தாளை நீட்டினார். ஜெகதீசன் தன் பேனாவை ரீனாவிடம் கொடுத்தார். வேட்டைப் பொறுப்பாளர் என்ற இடத்தில் ரீனா முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்டது 2023 ஜனவரி 21, சனிக்கிழமை.