குஞ்சு பார்த்துச் சொன்ன சண்முகத்தாய்

கடையில் ஒரு சேவலைத் தராசில் வைத்திருந்த நேரத்தில் மகேஸ்வரியின் போன் வந்தது. தன் ஊர்ச் சண்முகத்தாய் அக்கா போய்விட்டார் என்றாள். காலையில் கோழிகளைத் திறந்துவிட்டுத் தீனி போட்டவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சேவல் வாங்க வந்தவரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டுக் கடையை அடைத்தேன். கோவில்பட்டியில் இருபது வருடத்துக்கு மேலாக நாட்டுக்கோழி விற்கிறேன். வியாபார நேரத்தில் நான் கதவைச் சாத்துகிறவன் இல்லை என்பது பக்கத்துக் கடைக்காரர்களுக்குத் தெரியும்.

பசுவந்தனைப் பக்கம் அவருடைய ஊர் மகளிர் குழுவினர், படத்திறப்பு அன்று வாசிக்க ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். பத்திரிகைகளுக்கு வாசகர் கடிதம் எழுதுகிற பழக்கம் எனக்கு உண்டு என்பதால் வந்த பொறுப்பு இது. சாக்கடை, தெருவிளக்கு என்று குறை சொல்லியே எழுதிப் பழகிய கைக்கு, பெருமையாக எழுத இப்போதுதான் ஒருவர் கிடைத்திருக்கிறார். அவர் இருக்கும்போதே எழுதியிருக்கலாம். தோன்றவில்லை.

அவரை அறிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்த புதிதில் சேவலா பெட்டையா என்று பார்த்தவுடனே சொல்ல முடியாது. ஆனாலும் சொல்லாமல் இருக்க யாராலும் முடிவதில்லை. முட்டை கூராக இருந்தால் சேவல் என்பார் ஒருவர். தலைகீழாகத் தூக்கினால் துள்ளுவது சேவல் என்பார் இன்னொருவர். ஊர்ப் பெண்கள் குஞ்சுகளைக் கொண்டுவந்து கேட்பது சண்முகத்தாயிடம்தான். அவர் இரண்டையும் கேட்டுச் சிரிப்பார். சற்றுத் தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குஞ்சுகள் மேய்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு மாதம் ஆனதும் கொண்டை சிவக்கிறதா, வால் முடி முளைக்க எது முந்துகிறது, எது பிந்துகிறது என்று கவனிப்பார். துண்டை உதறிப் போட்டால் எது பதுங்குகிறது, எது நிமிர்ந்து நிற்கிறது என்றும் பார்ப்பார். மழைக்காலத்தில் கரிசல் மண் குஞ்சுகளின் கால்விரலில் ஒட்டி உருண்டையாக இறுகிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து அதை எடுத்துவிடும்போது காலின் கனத்தையும் தடவிப் பார்த்துக்கொள்வார். இவ்வளவும் பார்த்துவிட்டுப் பாதிக் குஞ்சுகளுக்குத் “தெரியலை” என்றுதான் சொல்வார்.

முதல் தடவை நான் அவரிடம் வாங்கப் போனபோது இருபது இளஞ்சேவல் கேட்டேன். பதினாலு கொடுத்தார். கூட்டத்தில் இன்னும் ஆறு நின்றன. அவையும் சேவல்தானே என்று கேட்டேன். இன்னும் முடிவாகவில்லை என்றார். நான் சேவல் என்றே எடுத்துக்கொள்கிறேன், நஷ்டம் வந்தால் எனக்குத்தானே என்று வாதாடிப் பார்த்தேன். மசியவில்லை. அடுத்த மாதம் போனபோது அந்த ஆறில் மூன்று பெட்டையாக நின்றன. அன்றே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

ஒரு முறை கால்நடை மருத்துவர் ஊருக்கு வந்து பயிற்சி நடத்தினார். சண்முகத்தாயையும் நாலு வார்த்தை பேசச் சொன்னார். எழுந்தவர், தான் தப்பாகச் சொன்ன குஞ்சுகளைப் பற்றி மட்டுமே பேசினார். சண்டைச்சேவல் சாதிக் குஞ்சுக்குக் கொண்டை சின்னதாக இருக்கும், அதைப் பெட்டை என்று சொல்லி மூன்று தடவை ஏமாந்தேன் என்றார். கடைசியில், “தெரியுத வரைக்கும் தெரியலைன்னுதான் சொல்லணும். அதுல ஒண்ணும் கொறைச்சல் இல்ல” என்று உட்கார்ந்தார். மருத்துவர் அதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார்.

இனி என் கதைக்கு வருகிறேன். மகேஸ்வரி புதியம்புத்தூரில் தையல் வேலைக்குப் போகிறவள். அவள் மகள் மூன்று வயதாகியும் நடக்கவில்லை. நடந்தால் ஊர்க் காளியம்மனுக்குச் சேவல் விடுவதாக வேண்டிக்கொண்டாள். பிள்ளை சுவரைப் பிடித்து நாலு எட்டு வைத்த வாரமே, தன் குஞ்சுகளைக் கூடையில் போட்டுக்கொண்டு சண்முகத்தாய் வீட்டுக்கு வந்தாள். அதில் ஒரு சேவலைத் தேர்ந்து, மஞ்சள் நூல் கட்டி, கோயிலில் சொல்லி நேர்ந்துவிட வேண்டும். குஞ்சுகளுக்கு ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. சண்முகத்தாய் பார்த்துவிட்டு, “தெரியலம்மா. பத்து நாள் கெடக்கட்டும்” என்றார். மகேஸ்வரிக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் லீவு. பூசாரியும் அன்று ஊரில் இருந்தார். அவள் முகம் வாடியது. கோழி எடுக்கப் போயிருந்த நான் சும்மா இருந்திருக்கலாம். கூடையில் கைவிட்டு, கொண்டை எடுப்பாகத் தெரிந்த ஒன்றைத் தூக்கினேன். உள்ளங்கையில் நெஞ்சை நிமிர்த்தி நின்றது. “இது சேவல். நான் சொல்லுதேன், கட்டு” என்றேன்.

கட்டிவிட்டாள். இரண்டு மாதம் முடியுமுன்னே அது பெட்டை என்று தெரிந்துபோனது. கூடப் பொரித்தவை கரகரத்த குரலில் கூவப் பழக, இது பாட்டுக்கு மண்ணைச் சீய்த்துக்கொண்டு திரிந்தது. அந்த நேரம் பார்த்து மகேஸ்வரியின் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து மறுபடி படுத்துவிட்டது. நேர்ச்சை பிசகிவிட்டது, அதுதான் பிள்ளையைப் பிடித்துக்கொண்டது என்று ஊரில் பேச்சு எழுந்தது. சண்முகத்தாய் வீட்டில் பார்த்துக் கட்டிய குஞ்சு என்பதால் பழி அவர் தலையில் விழுந்தது. காய்ச்சல் பிள்ளையோடு அலைந்த மகேஸ்வரியும் நடந்ததை எடுத்துச் சொல்லவில்லை. பெண்கள் அவரிடம் குஞ்சு கொண்டுவருவது நின்றது.

அவர் பஸ் பிடித்து என் கடைக்கு வந்தார். நீங்கள் சொன்னதை நீங்களே ஊரில் வந்து சொல்லுங்கள் என்று கேட்டார். ஊர்க் கோயில்களில் கொடைத் திருவிழா நெருங்குகிற மாதம். சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் நேர்ச்சைச் சேவல் என் கடையிலிருந்துதான் போகும். கோழிக்கடை பாய்க்குச் சேவலுக்கும் பெட்டைக்கும் வித்தியாசம் தெரியாது என்று ஆனால் யார் வருவார்கள்? உங்கள் ஊர்ச் சாமி காரியத்தில் நான் எதற்கு, நீங்களே சொல்லிவிடுங்கள் என்று நழுவப் பார்த்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

“நான் சொன்னா பழியைத் தள்ளுதான்னு நெனைப்பாவ. சாமி எங்க சாமிதான் பாய். சொன்ன சொல்லு ஒங்க சொல்லுல்லா?”

டீ வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று போய்விட்டார்.

ஐந்து நாள் கடையில் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்களிடம் எரிந்து விழுந்தேன். வீட்டில் என்னவென்று கேட்டதற்கும் கத்தினேன். ஞாயிற்றுக்கிழமை, நாலு சேவல்களை மொபெட்டில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். கொடைக்கு வரி பிரிப்பதைப் பேச ஊரே கோயில் முன்னால் கூடியிருந்தது. மகேஸ்வரி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஓரத்தில் இருந்தாள். சண்முகத்தாய் இன்னொரு ஓரத்தில் தனியாக இருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். அக்கா தெரியலை என்றுதான் சொன்னார், சேவல் என்று சொல்லிக் கட்ட வைத்தது நான்தான் என்று சொன்னேன்.

ஒரு பெரியவர், “பாய், நீங்க எத்தனை வருசமாக் கோழி விக்கிய?” என்று கேட்டார். கூட்டம் மொத்தமும் சிரித்தது. அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. அப்போது சண்முகத்தாய் எழுந்தார்.

“பாய் சொன்னது தப்புதான். அன்னைக்கு நானும் பக்கத்துலதான் இருந்தேன். தெரியலைன்னு சொன்னவ, கட்டாதன்னு சொல்லலையே. அது என் தப்பு” என்றார்.

அத்தனை நாள் ஊர்ப் பழியைச் சுமந்தவர், அது இறங்கிய நிமிடத்திலேயே தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டார். என் வாழ்நாளில் அப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை.

நேர்ச்சை சேவலுக்குத்தான், எந்த வீட்டுச் சேவலானாலும் அம்மன் ஏற்றுக்கொள்வாள் என்று பூசாரி சொன்னார். மகேஸ்வரி அழுதுவிட்டாள். மொபெட்டில் கட்டியிருந்த நாலில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவள் தயங்கி நின்றாள். “பாய்ட்டயே எடு. இந்தத் தடவை கூவுத சேவலாப் பாத்து எடு” என்றார் சண்முகத்தாய். மறுபடி சிரிப்பு எழுந்தது. இந்த முறை நானும் சிரித்தேன். பிள்ளைக்கு மருந்து பிடித்துக் காய்ச்சல் இறங்கியது. இப்போது அவள் பள்ளிக்கூடத்துக்கு ஓடித்தான் போகிறாள்.

அந்தக் கொடைக்கு அந்த ஊரிலிருந்து ஒருவரும் என் கடைக்கு வரமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். வந்தார்கள். தப்பு என்றால் தப்பு என்று நேரில் வந்து சொல்லுகிற ஆள், அவரிடமே வாங்குங்கள் என்று வீடு வீடாகச் சொல்லியிருக்கிறார் சண்முகத்தாய். என்னிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வாங்க வந்தவர்கள் சொல்லித்தான் தெரியும்.

சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போன அன்று, தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த அவர் சொந்தக்காரர் ஒருவர், அழுதுகொண்டு நிற்கிற இந்தப் பாய் யார் என்று மகேஸ்வரியிடம் விசாரித்தார். “அவிய கோவில்பட்டி கோழிக்கடை பாய். அவிய சொன்னா நம்பலாம்” என்றாள். அவள் பிள்ளையின் நேர்ச்சையைப் பிசகாக்கியவன் நான். அவள் வாயாலேயே அந்தப் பெயரை எனக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் சண்முகத்தாய். அவருடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அதைக் கெடுக்காமல் வைத்துக்கொள்வேன்.