கடலை எண்ணெயில் பறந்த விமானம்

போன மாதம் பேரன் என்னிடம் பெட்ரோலில் ஆயில் கலந்து தரச் சொன்னான். முடியாது என்றேன். கை நடுங்குவதால் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, பரவாயில்லை, நீங்கள் உட்காருங்கள் என்று சொல்லி அவனே கலந்துகொண்டான்.

பெரம்பலூரில் என்ஜினியரிங் படிக்கிற அவன், பழுதாகிக் கிடந்த புல் வெட்டும் மிஷின் ஒன்றை வாங்கி வந்து, தண்டையும் பிளேடையும் கழற்றிப் போட்டுவிட்டு இன்ஜினை மட்டும் வைத்துக்கொண்டான். ரிமோட்டில் பறக்கும் விமானம் ஒன்றின் மூக்கில் அதைப் பொருத்துவதுதான் இந்த விடுமுறையில் அவனுடைய வேலை. மொட்டைமாடியில் எனக்கு ஒவ்வொன்றாக விளக்கினான். எடை குறைய, இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் காந்தச் சக்கரத்தை இழைக்க வேண்டும். இன்ஜினைக் குளிரவைக்கும் விசிறியை எடுத்துவிடலாம், அந்த வேலையை முன்னால் சுற்றும் காத்தாடி பார்த்துக்கொள்ளும். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு இது தெரியும் என்று சொல்லவில்லை. நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில், செந்துறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், என் மாமா இதையே செய்தார். நான் அதைக் கெடுத்தேன்.

மாமா அம்மாவின் தம்பி. திருச்சிக்குக் காலேஜ் படிக்கப் போய், அங்கே என்.சி.சி.யில் சின்ன விமானம் செய்யக் கற்றுக்கொண்டு, வேறு எதையும் கற்றுக்கொள்ளாமல் திரும்பி வந்தவர். குரும்பலூரில் தன் அப்பா முகத்தில் விழிக்கப் பயந்துகொண்டு எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். ஊரில் யார் வீட்டு ரேடியோ கரகரத்தாலும் அவரிடம்தான் வரும். பிரித்துச் சரிசெய்து மூடும்போது திருகாணி ஒன்றிரண்டு மிச்சமாகி அவர் சட்டைப்பைக்குப் போய்விடும். அவை இல்லாமலேயே ரேடியோ பாடும்.

அப்பாவிடம் பருத்திக்கு மருந்து அடிக்கும் மிஷின் இருந்தது. முதுகில் மாட்டிக்கொள்கிற பெட்ரோல் மிஷின். ஊரில் அப்போது அது ஒன்றுதான். பருத்தி காலத்தில் காடு காடாக அலையும். மற்ற மாதங்களில் கம்பு மூட்டைகளுக்குப் பக்கத்தில் சாக்கு போர்த்திக்கொண்டு கிடக்கும். மாமாவின் கண் அதன்மேல் விழுந்தது. அவர் நேராக அப்பாவிடம் கேட்கவில்லை. அம்மாவிடம் கேட்டார், அம்மா சாப்பாடு போடும் நேரமாகப் பார்த்து அப்பாவிடம் கேட்டாள். அப்பா பதில் சொல்ல ஒரு வாரம் ஆனது. கடைசியில் ஒரு நாள் கை கழுவிக்கொண்டே சொன்னார்:

"ஒரே ஒரு தடவை பறக்கட்டும். முழுசா எறங்கணும். இன்ஜினை எடுத்த மாதிரியே மாட்டி ஸ்டார்ட் பண்ணிக் காட்டட்டும். அப்புறம் பஸ் ஸ்டாப் எதுத்தாப்ல நம்ம ரூமு சும்மாதானே கெடக்கு, ரேடியோ கடை வச்சுக்கட்டும். இல்லைன்னா குரும்பலூரு போயி ஏரைப் புடிக்கட்டும்."

மாமா அன்று இரவு சாப்பிடவில்லை. சந்தோஷத்தில்தான்.

மூங்கிலைப் பிளந்து எலும்புக்கூடு கட்டினோம். அப்பாவின் பழைய வேட்டியைக் கஞ்சியில் தோய்த்து அதன்மேல் போர்த்திக் காயவைத்து, வார்னிஷ் அடித்தோம். இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இரண்டு கயிற்றுக் கட்டில் நீளம். முன்னால் சுற்றும் காத்தாடியை மாமா தேக்கில் செதுக்கினார். ஒரு நூலில் தொங்கவிட்டு, எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்தைக் கண்ணாடித் துண்டால் சுரண்டுவார். அதிலேயே பல நாள் போயிற்று. கீழே இருந்து ரேடியோவில் விமானத்தைத் திருப்ப, கையில் வைத்துக்கொள்ளும் கருவி ஒரு பலகைப் பெட்டி. அதில் ஒரே ஒரு பொத்தான். ஒருமுறை அழுத்தினால் விமானம் இடப்பக்கம் திரும்பும், இரண்டுமுறை அழுத்தினால் வலப்பக்கம். மேலே போவதும் கீழே வருவதும் அதன் இஷ்டம். டானிக் பாட்டில் அளவுக்குத்தான் பெட்ரோல் டேங்க். அது தீர்ந்ததும் இன்ஜின் நின்று விமானம் மிதந்து இறங்கும் என்பது மாமாவின் கணக்கு. இதற்கெல்லாம் அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஊர் எங்களை விட்டுவைக்கவில்லை. தண்ணீர் எடுக்கப் போகிற பெண்கள்கூட நின்று, மருந்து மிஷினுக்கு ரெக்கை மொளைச்சிருச்சா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மாமா அவர்களிடம் என்னைக் காட்டி, "என்னைக் கேக்காதீங்க. இவருதான் இன்ஜினியரு" என்பார். நான் அதை உண்மை என்றே எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்துப் பையன்களிடம் அப்படியே சொல்லியும் வைத்தேன். இன்ஜினுக்கு ஆயில் கலக்கும் பொறுப்பு என்னுடையது. பெட்ரோலில் ஆயில் சேராவிட்டால் உள்ளே உலோகமும் உலோகமும் உரசி ஒட்டிக்கொள்ளும், ஆயில்தான் இதற்கு உயிர் என்று மாமா சொல்லித் தந்திருந்தார். அரியலூர் போய் ஒரு தகரத்தில் பெட்ரோலும் ஒரு பாட்டிலில் ஆயிலும் வாங்கி, பஸ்சில் கண்டக்டரிடம் திட்டும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

பறக்கவிடுவது ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. சனிக்கிழமை அம்மா வடை சுட்டாள். தம்பிக்கு ஒரு வழி பிறக்கப் போகிறது என்ற நினைப்பு அவளுக்கு.

அன்று மாலை எதிர்வீட்டுப் பையன் சைக்கிளோடு வந்தான். அவன் அப்பாவின் சைக்கிள் அது. செயின் கீச்சுக்கீச்சென்றது. உன்னிடம்தான் இன்ஜின் ஆயில் இருக்கிறதே, கொஞ்சம் விட்டால் ஏரிக்கரை வரை ஒரு ரவுண்டு தருகிறேன் என்றான். கொஞ்சம்தானே என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு போனேன். செயினுக்கு விட்டேன். பாட்டிலை மூடாமல் கல்மேல் வைத்துவிட்டு ரவுண்டு போனேன். திரும்பி வந்தபோது பாட்டில் சாய்ந்து கிடந்தது, மண் கறுப்பாக இருந்தது. கோழி தட்டிவிட்டதோ, நான் வைத்ததே சரியில்லையோ, தெரியவில்லை.

மாமாவிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அவர் அடிக்கிறவர் இல்லை. பறப்பதை ஒரு நாள் தள்ளி வைத்துவிட்டு, திங்கட்கிழமை அரியலூர் போய் வந்திருப்பார், அவ்வளவுதான். ஆனால் சொன்னால் நான் இன்ஜினியர் இல்லை என்றாகிவிடும். அந்தப் பட்டத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. இதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

சமையலறையில் வடை சுட்ட சட்டி அடுப்போரம் இருந்தது. அடியில் மிஞ்சியிருந்த கடலை எண்ணெய் ஆயிலின் நிறத்திலேயே பழுப்பாக இருந்தது. எண்ணெய் எதுவானால் என்ன, வழவழப்புத்தானே வேண்டும் என்று நினைத்தேன். டீ வடிகட்டியில் வடித்து பாட்டிலில் ஊற்றினேன். பாதி பாட்டில்கூட வரவில்லை. மறுநாள் காலை அதைத்தான் பெட்ரோலில் கலந்தேன்.

"கலந்தாச்சா மருமவனே?"

"கலந்துட்டேன் மாமா."

வறண்ட ஏரிக்குள் ஊரே கூடிவிட்டது. அப்பா கரைமேல் குடையோடு தனியாக நின்றார். மாமா கயிற்றைச் சுற்றி இழுத்தார், இன்ஜின் ஸ்டார்ட் ஆனது. புகை கூட்டத்தின் பக்கம் போனது. யாரோ மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஏம்ப்பா, ஏரோப்ளேன்ல வடை சுடுறாங்களாடா?" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அவர் அதற்குள் பெட்டியோடு காற்று வரும் பக்கம் போய் நின்றிருந்தார், அவருக்கு வாசனை எட்டியிருக்காது. நான் சிரிக்கவில்லை.

வெடிப்பு விட்ட ஏரி மண்ணில் விமானம் தத்தித்தத்தி ஓடி எழும்பியது. அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நாங்கள் கஞ்சியில் தோய்த்த வேட்டி வெயிலில் வெள்ளையாக வானத்தில் போய்க்கொண்டிருந்தது. கேலி பேசியவர்கள் அண்ணாந்து நின்றார்கள். மாமா பொத்தானை அழுத்தினார், அது சொன்னபடி இடப்பக்கம் திரும்பிக் கருவேல மரங்களுக்கு மேலே வட்டமடித்தது. கரையைப் பார்த்தேன். அப்பா குடையை மடக்கியிருந்தார். அவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிஷத்தில் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ரேடியோ கடை திறந்தாகிவிட்டது என்றே நான் நம்பினேன். வடை எண்ணெய் ஒன்றும் செய்துவிடாது என்றும் நம்பினேன்.

இரண்டாவது வட்டத்தில் சத்தம் மாறியது. இழுத்துப் பிடித்த மாதிரி ஒரு கிறீச்சல், பிறகு சத்தமே இல்லை. பெட்ரோல் தீர்ந்து நின்றால் காத்தாடி மெதுவாகச் சுற்றி நிற்கும். இது சட்டென்று குச்சிபோல் நின்றுவிட்டது. திரும்பிக்கொண்டிருந்த விமானம் நிமிரவில்லை. மாமா பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். கனமான மூக்கு முதலில் தரையைத் தொட்டது.

எல்லோரும் ஓடினோம். இறக்கை ஒடிந்து வேட்டி கிழிந்து தொங்கியது. ஆச்சரியமாகத் தேக்குக் காத்தாடி மட்டும் உடையவில்லை. மாமா கயிற்றைச் சுற்றி இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. குனிந்து புகை வரும் துவாரத்தில் விரலை விட்டு, விரல்களைத் தேய்த்து, முகர்ந்து பார்த்தார். பிறகு தன் வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அப்பா வந்து சேர்ந்தார். அந்த மிஷினைப் பற்றி அவருக்குத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்று. அதைத்தான் கேட்டார்.

"ஆயில் யாரு கலந்தது?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். காலையில் பாட்டிலும் கையுமாக என்னைப் பார்த்திருக்கிறார்.

"மாமாதான்" என்றேன்.

மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. "ஆமா மச்சான், நான்தான் கலந்தேன். ஆயில்ல ஒண்ணும் இல்ல. விசிறியைக் கழட்டினதுதான் தப்பு. காத்து பத்தல, சூடாயி புடிச்சுக்கிச்சு. என் கணக்குத்தான் தப்பாயிருச்சு" என்றார்.

இன்ஜினை ஒருநாளும் திறந்து பார்த்திராத ஒருவர், நான் அப்பவே நெனைச்சேன் என்றார். கூட்டம் அதை ஒத்துக்கொண்டது. அப்பா, காலையில் முதல் பஸ் ஆறு மணிக்கு என்று மட்டும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை.

மாமா அவ்வளவு உறுதியாகச் சொன்னதும், தானே கலந்ததாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. பெரியவர்களுக்கு மறதி உண்டு. தப்பித்தேன் என்ற நிம்மதியில் அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன். அந்தச் சாப்பாட்டை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மாமா குரும்பலூரிலேயே நிலத்தோடு இருந்துவிட்டார். நல்ல விவசாயி என்று பெயர் எடுத்தார். ஆனால் தன் வீட்டு ரேடியோ கெட்டுப்போனால் டவுனில் ரிப்பேருக்குக் கொடுப்பார் என்று அத்தை ஒரு தடவை சாதாரணமாகச் சொன்னாள். நான் இயற்பியல் ஆசிரியரானேன். வருஷந்தோறும் கரும்பலகையில் இன்ஜின் படம் போட்டுப் பாடம் நடத்தினேன். விசிறி இல்லாவிட்டாலும் முன்னால் சுற்றும் காத்தாடியின் காற்று போதும், அவர் கணக்கு சரிதான் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. கல்யாணங்களில், சாவு வீடுகளில் எத்தனையோ தடவை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் கணக்கு சரிதான் மாமா என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். அவர் போய்ச் சேரும்வரை சொல்லவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வாய்தான் இது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அம்மா தாளிக்கப் போனவள் வெறும் சட்டியோடு வெளியே வந்தாள். இதிலிருந்த எண்ணெயை எடுத்தது யார் என்று கேட்டாள். துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்த மாமா தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"நான்தான்க்கா எடுத்தேன். கெணத்து ராட்டினம் ரொம்பக் கத்துதேன்னு அதுக்கு விட்டேன்."

அடடா, மாமாவும் சட்டியில் கைவைத்திருக்கிறார் என்று நினைத்தேன். நான் எடுத்ததற்கு முன்போ பின்போ மிச்சத்தை அவர் எடுத்திருக்க வேண்டும். அப்படியானால் நாங்கள் இருவரும் ஒன்றுதான். எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச உறுத்தலும் அதோடு போயிற்று.

காலையில் முதல் பஸ்சில் மாமா போனார். தேக்குக் காத்தாடியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா பஸ் வரை போய்விட்டு வந்து, முகம் கழுவாமலே கிணற்றில் வாளியை இறக்கினாள். இழுக்கத் தொடங்கியதும் ராட்டினம் எப்போதும்போல ஊருக்கே கேட்கும்படி கீச்சிட்டது. அம்மா பாதியில் நிறுத்தினாள். வாளி உள்ளே தொங்கிக்கொண்டிருக்க, அண்ணாந்து ராட்டினத்தைப் பார்த்தாள். பிறகு பஸ் போன பக்கம் பார்த்தாள். பிறகு என்னை வெகுநேரம் பார்த்தாள்.

நான் காத்தாடியை மடியில் வைத்துக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தேன். ராட்டினத்துக்கு எண்ணெய் விடுவதைக்கூட மாமா ஒழுங்காகச் செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.