தேங்காய் எண்ணெய் குடித்த ஸ்ப்ரே கன்

பாஞ்சாலியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, 'சிரிலு, அந்தம்மாவைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லேன்' என்று என் உயிரை எடுக்கக் கூடாது. ஜீவனஹள்ளியில் சேஷகிரியின் பீரோ ஷெட்டில் நான் வெல்டர், அவள் பெயிண்டர். ஒரே தகரக் கூரைக்குக் கீழே வெல்டரையும் பெயிண்டரையும் வைக்கலாம் என்று நினைத்த மகானுபாவன் கையில் கிடைத்தால் நாலு அறை விடுவேன். என் வேலையில் நெருப்புப் பொறி பறக்கும். அவள் வேலையில் தின்னர் ஆவி பறக்கும். இரண்டும் சந்தித்தால் ஷெட்டும் இருக்காது, நாங்களும் இருக்க மாட்டோம். அதனால் அவள் பெயிண்ட் அடிக்கும்போதெல்லாம் நான் மெஷினை அணைத்துவிட்டு வாசலில் நின்று தெருவை வேடிக்கை பார்க்க வேண்டும். எனக்கோ பீரோ கணக்கில் கூலி. வேடிக்கை பார்த்ததற்கு எவன் கொடுப்பான்?

"யோவ் சிரிலு, மெஷின ஆஃப் பண்ணு. நான் அடிக்கப் போறேன்."

அவள் எனக்குச் சொல்லும் காலை வணக்கம் இதுதான். குட் மார்னிங் கிடையாது, சாப்பிட்டியா கிடையாது.

அவளுக்கு முன்னால் அவள் புருஷன் எட்டியப்பன்தான் அங்கே பெயிண்டர். தங்கமான ஆள். காதில் பீடி, வாயில் பாட்டு. மூக்கில் ஒரு துணிகூடக் கட்ட மாட்டான். பச்சை பீரோ அடித்தால் பச்சையாகத் துப்புவான், காப்பி கலர் அடித்தால் காப்பி கலரில் துப்புவான். நாங்கள் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்போம், அவனும் சிரிப்பான். ஒரு மழைக்காலத்தில் ஷெட்டின் வாசற்படி ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டான். நெஞ்சு முழுக்கப் பெயிண்ட் என்று டாக்டர் சொன்னாராம். அதற்குப் பிறகு வீட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்குவதே அவனுக்கு வேலையாகிவிட்டது. படுத்தால் மூச்சு நின்றுவிடும்.

பாஞ்சாலி அப்போது அதே ஷெட்டில் பீரோத் தகட்டை எமரி பேப்பரால் தேய்க்கிறவள். புருஷன் அடிப்பதைப் பார்த்துப் பார்த்தே கையில் வந்திருந்தது. சேஷகிரி வேறு பெயிண்டரைத் தேடுவதற்குள் அவள் போய் ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுத்துக்கொண்டாள். குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்தால் நம் ஓனருக்குக் கசக்குமா? வைத்துக்கொண்டார். பொம்பளை பெயிண்டரை வேறு எந்த ஷெட்டிலும் உள்ளே விட மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இந்த வேலை போனால் எட்டியப்பனின் மருந்து போயிற்று. மருந்து போனால் எட்டியப்பனே போய்விடுவான்.

அது தெரிந்தும் வாயை அடக்குவாளா? வந்த வாரமே மூக்கில் டப்பா வைத்த முகமூடி ஒன்றை வாங்கிவந்து மாட்டிக்கொண்டாள். தகடு வளைக்கிற மைக்கேல்ராஜ் அதற்குப் பன்னி மூஞ்சி என்று பேர் வைத்தான். அவள் சட்டையே செய்யவில்லை. புடவைக்கு மேல் புருஷனின் முழுக்கைச் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துணி, முகத்தில் பன்னி மூஞ்சி. அந்தக் கோலத்தில் நின்றுகொண்டு எங்களை அதட்டுவாள். "ஃபேன் போட்டியா? பீடிய வெளிய போடு. கம்ப்ரஸர்ல தண்ணி இருக்கு, யாரும் தெறந்து விடலையா? கண்ணு அவிஞ்சா போச்சு எல்லாருக்கும்?" காற்று அடைக்கிற டாங்கியின் அடியில் தேங்கும் தண்ணீரைத் தினமும் திறந்துவிட வேண்டுமாம். இல்லாவிட்டால் அது பெயிண்டோடு கலந்து வெளியே வருமாம். எட்டியப்பன் காலத்தில் அந்தத் திருகு எங்கே இருக்கிறது என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

ஒரு நாள் மைக்கேல்ராஜ் அந்த கன்னை எடுத்து, வெறும் காற்றைச் சட்டைமேல் அடித்துத் தூசி தட்டினான். விளையாட்டாக உள்ளங்கையிலும் அடித்துப் பார்த்தான். பளாரென்று கன்னத்தில் ஒன்று விட்டாள். "அறிவு கெட்டவனே, காத்து தோலுக்குள்ள பூந்துச்சுன்னா கைய வெட்டணும்டா. எரும மாடு!" அவன் கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றவன். இன்னொரு நாள் என் பொறி ஒன்று பறந்துபோய் அவள் போட்டு வைத்திருந்த தின்னர்த் துணியில் விழுந்து பிடித்துக்கொண்டது. ஒரே ஒரு துணி! மணலைக் கொட்டி அணைத்துவிட்டு, ஊரைக் கூட்டி என் மானத்தை வாங்கினாள். அன்றிலிருந்து அவளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மெஷின ஆஃப் பண்ணு, அவ்வளவுதான்.

சாயங்காலம் நாங்கள் கை கழுவிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் அவளுக்கு அடுத்த கச்சேரி ஆரம்பிக்கும். கன்னிலிருந்து காற்று டியூபைப் பிடுங்குவாள், விசையை அழுத்தி உள்ளே மிச்சமிருக்கும் காற்றை விரட்டுவாள், அதற்கப்புறம்தான் கழற்றவே கை வைப்பாள். கப்பைக் கழுவி, ஊசியை உருவித் துடைத்து, பெயிண்ட் பீச்சுகிற மூக்கைத் தின்னரில் அலசுவாள். அவள் வளையலில் எப்போதும் நாலைந்து ஊக்கு தொங்கும். அதில் ஒன்றை எடுத்து மூக்கு ஓட்டையைக் குத்திவிட்டால் வேலை முடிந்தது. செய்ய மாட்டாளே! துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி உருவி, அதைச் சீவி, கைக்குழந்தைக்குக் காது குடைகிற மாதிரிக் குடைவாள். இரும்பு பட்டால் ஓட்டை பெரிதாகிவிடுமாம். கழுவியதைத் துணியில் சுற்றித் தகரப் பெட்டியில் பூட்டிய பிறகுதான் வீட்டுக்குப் போவாள்.

இப்போது ஓனர் சேஷகிரிக்கு வருகிறேன். வருஷம் முழுக்க ஒரு திருகைக்கூடத் தொடாத மனுஷன் அவர். ஆயுத பூஜையன்று மட்டும் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்து, எங்கள் சாமான்கள் எல்லாவற்றுக்கும் தன் கையாலேயே தேங்காய் எண்ணெய் தடவுவார். வெல்டிங் ஹோல்டர், ரம்பம், சுத்தியல் எதையும் விட மாட்டார். பளபளவென்று ஆக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வரிசையாகப் படுக்கவைப்பார். அப்புறம் வாசலில் பூசணிக்காய் உடைத்து எல்லோருக்கும் பொரிகடலை கொடுப்பார். நான் சர்ச்சுக்குப் போகிறவன்தான், ஆனால் பொரிகடலைக்கு மதம் கிடையாது.

அந்த வரிசையில் பாஞ்சாலியின் ஸ்ப்ரே கன்னும் இருக்கும். ஆனால் அது உயிரோடு இருக்கிற கன் இல்லை. பழைய இரும்பு மூலையிலிருந்து பொறுக்கி வந்த, செத்துப்போன ஒன்று. வருஷா வருஷம் அதைத் துடைத்துப் படத்துக்கு முன்னால் வைத்துவிடுவாள். வேலை செய்கிற கன் பெட்டிக்குள் பத்திரமாகத் தூங்கும். எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஓனருக்கு மட்டும் தெரியாது.

தொண்ணூற்றேழாம் வருஷம் தெரிந்துபோயிற்று. அவர் பக்தியோடு எண்ணெய் தடவும்போது, துருப்பிடித்த விசை உடைந்து அவர் கையோடு வந்துவிட்டது. பாஞ்சாலி அப்போது வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனம்மா பாஞ்சாலி, இது இன்னா கூத்து? சாமிக்கே டூப்ளிகேட்டா?"

"எண்ணெ பட்டா பெயிண்ட் நிக்காது சார். அதுக்குத்தான்."

"நீ சும்னிரு, பேசாத! எங்கப்பா காலத்துலேந்து பண்ற பூஜ. நீ வந்து கிளாஸ் எடுக்கறியா? சாவியக் குடு."

பிடுங்காத குறையாகச் சாவியை வாங்கிப் பெட்டியைத் திறந்தார். நல்ல கன்னை எடுத்தார். அவள் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். ஓனருக்கோ கோபம் அடங்கவில்லை. மேலே தடவியது போதாதென்று, கைப்பிடிக்கு அடியில் காற்று டியூப் மாட்டுகிற ஓட்டையிலும் கிண்ணத்தைச் சாய்த்து எண்ணெயை ஊற்றினார். "ஸ்மூத்தா போவட்டும்," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பக்கத்தில் நின்று பூவைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவன் நான். எண்ணெய் விட்டால் எந்தச் சாமானும் நன்றாகத்தானே ஓடும்? வெல்டரைக் கேட்டால் வேறென்ன சொல்வான்.

லீவு முடிந்து வந்ததும் பாஞ்சாலி அந்த கன்னைப் பார்த்து ஓனரின் ஏழு தலைமுறையையும் கரித்துக்கொட்டினாள். குங்குமத்தைத் துடைத்தாள். மேலே இருந்த எண்ணெயைத் தின்னர்த் துணியால் வழித்தெடுத்தாள். கப், ஊசி, மூக்கு என்று பெயிண்ட் போகிற வழி முழுக்கக் கழுவினாள். காற்று போகிற வழி தனி. அதைத் தினமும் யாரும் கழுவுவதில்லை, அவளும் கழுவவில்லை. அதற்குள் எண்ணெய் போயிருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

அன்று அடித்தது சிவசங்கரன் என்பவருடைய பீரோ. ஒக்கலிபுரத்துக்காரர். பெண்ணுக்குக் கல்யாணம், சீர் வரிசையில் போகிற காப்பி கலர் பீரோ. கதவில் ஆளுயரக் கண்ணாடி. மறுநாள் சாயங்காலம் சத்திரத்துக்குப் போயாக வேண்டும். பாஞ்சாலி கண்ணாடியில் பேப்பர் ஒட்டிவிட்டு முகமூடியை மாட்டினாள், நான் மெஷினை அணைத்துவிட்டுத் தெருவைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது பீரோ முழுக்க அம்மை போட்டிருந்தது. வழவழவென்று இருக்க வேண்டிய இடமெல்லாம் புள்ளிப் புள்ளியாகப் பள்ளம், ஒவ்வொரு பள்ளத்திலும் உள்ளேயிருக்கிற தகடு தெரிந்தது. அவள் முகமூடியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

நேரம் பார்த்து சிவசங்கரனும் வந்து சேர்ந்தார், பின்னாலேயே ஓனரும் வந்தார். பீரோவைப் பார்த்ததும் பெண்ணைப் பெற்றவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன சார் இது? பெண்ணுக்குக் குடுக்கற பொருள். இதப் போயி சத்திரத்துல எறக்கினா சம்பந்தி வீட்ல காறித் துப்ப மாட்டாங்களா?"

ஓனர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "எல்லாம் இவளாலதான் சார். சாமிய ஏமாத்தினவ. அந்தப் பாவம் ஒங்க பீரோ தலைல விடிஞ்சிடுச்சு. கைராசி கெட்டவ! புருஷன் படுத்தப்பவே இவள தொரத்தியிருக்கணும்." அவள் பக்கம் திரும்பினார். "கன்ன கீழ வெச்சிட்டுக் கெளம்பு. நாளைலேந்து இந்தப் பக்கம் தல காட்டாத."

பாஞ்சாலி கன்னைக் கீழே வைக்கவில்லை. கத்தவும் இல்லை. என்ன தப்பு செய்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைத் திட்டித் தீர்க்க நான் ஒருத்தன் வருஷக்கணக்காகக் காத்திருக்கிறேன், இந்த ஆள் நடுவில் வந்து திட்டுகிறானே!

"சார், நீங்கதானே கீழ் ஓட்டைல எண்ணெ ஊத்துனீங்க?" என்றேன்.

"யாரு, நானா? பொட்டு வெச்சேன், அவ்ளோதான். ஒனக்கும் வேலை வேணாமா சிரில்?"

"வேலைய வெச்சுக்குங்க. கிண்ணத்த சாச்சு ஊத்துனீங்க. ஸ்மூத்தா போவட்டும்னீங்க. பூ போட்டுட்டு நான் பக்கத்துலதான் நின்னேன்."

பாஞ்சாலி தலையை நிமிர்த்தினாள். பெயிண்ட் கப்பைக் கழற்றிக் கீழே வைத்தாள். பீரோக் கண்ணாடியில் ஒட்டியிருந்த பேப்பரைச் சர்ரென்று கிழித்தாள். வெறும் காற்றை மட்டும் கண்ணாடிமேல் அடித்தாள். சுத்தமான கண்ணாடியில் பொடிப்பொடியாக முத்து பூத்தது. சிவசங்கரன் கிட்டே போய் விரலால் தொட்டார், மூக்கருகே கொண்டுபோனார்.

"தேங்கா எண்ணெ," என்றார். ஓனரை மேலும் கீழும் பார்த்தார். "என்ன சார், பீரோவுக்குத் தாளிச்சுட்டீங்களா?"

ஓனர் வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைக்கப் போனார்.

"எனக்கு ஒங்க சண்டையெல்லாம் வேணாம்," என்றார் சிவசங்கரன். "ஏம்மா, நாளைக்குள்ள சரி பண்ணிக் குடுப்பியா, மாட்டியா? அத மட்டும் சொல்லு."

"பண்ணுவேன் சார். ஆனா இந்தப் பெயிண்ட மொத்தமா தொடச்சு எடுக்கணும். கன்ன நான் அக்கக்கா கழட்டிக் கழுவணும். தொடைக்க ஆள் வேணும்."

மைக்கேல்ராஜ் துணியை எடுக்கப் போனான். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"நீ இல்ல. ஊத்தினவர் தொடைக்கட்டும்."

சிவசங்கரன் கையைக் கட்டிக்கொண்டு ஓனரையே பார்த்தார். சேஷகிரி வேட்டியை மடித்துக் கட்டினார், துணியைத் தின்னரில் நனைத்தார், முட்டி போட்டார். பாஞ்சாலி தன் பன்னி மூஞ்சியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். "மாட்டிக்கோங்க. ஒங்க வீட்லயும் ஒருத்தி ராத்திரியெல்லாம் முழிச்சு ஒக்காரணுமா?" அவர் மாட்டிக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன். எனக்குக் கிடைத்த கூலி அதுதான்.

உடனே என் பக்கம் பாய்ந்தாள். "என்னய்யா இளிப்பு? ஊத்துறத பாத்துட்டு இத்தினி நாளா வாய்ல கொழுக்கட்டையா வெச்சிருந்த? அன்னிக்கே சொல்லியிருந்தா இந்த எழவு வந்திருக்குமா? போ, போயி மெஷின ஆஃப் பண்ணு. நாளைக்கும் தொடாத." என் வேலையையே பணயம் வைத்துப் பேசியதற்கு எனக்குக் கிடைத்த மரியாதையைப் பார்த்தீர்களா? ஒரு நன்றி கிடையாது, ஒரு டீ கிடையாது. பீரோ மட்டும் மறுநாள் முகம் பார்க்கிற மாதிரி வழவழவென்று சத்திரத்துக்குப் போயிற்று.

அடுத்த வருஷ ஆயுத பூஜைக்கு ஓனர் அவளிடம் சாவி கேட்கவில்லை. அவரே பழைய இரும்பு மூலைக்குப் போய், அந்தச் செத்த கன்னைத் தேடி எடுத்து வந்தார். உடைந்த விசையைக் கம்பியால் கட்டினார். எண்ணெய் தடவிப் பொட்டு வைத்து, மற்ற சாமான்களைவிட ஒரு முழம் கூடுதலாகவே பூ சுற்றினார். கற்பூரத்தைக் காட்டியதும் எல்லோரும் கும்பிட்டோம். பாஞ்சாலி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இப்பவாவது கும்புடேன்மா. ஒன் இஷ்டப்படிதானே வெச்சிருக்கேன்," என்றார் ஓனர்.

"நான் கும்புட மாட்டேன் சார். அது எங்க வீட்டுக்காரர் அடிச்ச கன். அவரு நெஞ்ச தின்னது அதுதான். நீங்க எல்லாரும் நல்லா கும்புடுங்க."

சொல்லிவிட்டு, கம்ப்ரஸரில் தண்ணீர் திறந்துவிட வெளியே போய்விட்டாள். உள்ளே கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. கூப்பிய கையை யார் முதலில் இறக்குவது என்று தெரியாமல் நாங்கள் நின்றோம்.